மேலிருந்து மூன்று ஏக்கர்

வடக்குப்பட்டு
10.2.2003

அன்புள்ள சொர்ணத்துக்கு,

பொங்கலுக்கு நீ வரவில்லை, காரணமும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கல்லூரியில் எனக்கு வரவேண்டிய தாவரவியல் துறைத்தலைவர் பதவியை நேற்று வந்தவனுக்குக் கொடுத்தார்கள். வேலையை உதறிவிட்டு அப்பாவின் நிலத்துக்கு வந்தேன். நீ ஹைதராபாத்தை உதறவில்லை. நாலு வருஷமாகியும் எனக்கு அது மறக்கவில்லை.

மற்றபடி சுகம். மூன்று ஏக்கரும் நெல். காலையில் வயலில் நின்று, உன் செயற்கைக்கோள் இப்போது தலைக்குமேல் போகுமோ என்று அண்ணாந்து பார்ப்பேன். வானம்தான் தெரியும்.

நரசிம்மன்

ஹைதராபாத்
21.2.2003

அன்புள்ளவருக்கு,

எங்கள் செயற்கைக்கோள் படங்களில் பச்சையெல்லாம் சிவப்பாகத் தெரியும். செம்பரம்பாக்கம் ஏரி கருநீலமாக மிதக்கும். அங்கிருந்து தெற்கே விரலை நகர்த்தினால் நம் நிலம். வேலை இல்லாதபோதும் தூக்கத்தில் நடப்பவள்போல அங்கே போய்விடுகிறேன்.

அறுவடை முடிந்ததும் ஊர் வயல்களில் சிவப்பு வடிந்துவிடும். நம் நிலத்தில் மட்டும் கோடையிலும் வடிவதில்லை. அது நெல் இல்லை, சீமைக் கருவேலம். இரண்டு வருஷமாகத் தெரியும். உங்களுக்குச் சங்கடமாக இருக்குமென்று சொல்லவில்லை.

விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மே முதல் வாரம்வரை மனம் மாறலாம் என்றார்கள். அங்கேயே வந்துவிடட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

சொர்ணம்

வடக்குப்பட்டு
3.3.2003

சொர்ணத்துக்கு,

புருஷனை ஆகாயத்திலிருந்து வேவு பார்க்கும் பெண்டாட்டி எனக்குத்தான் வாய்த்திருக்கிறாள். ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. சித்திரை மாதத்துப் படத்தைப் பார். என் பதில் அதில் இருக்கும்.

நரசிம்மன்

ஹைதராபாத்
5.5.2003

அன்புள்ளவருக்கு,

படம் வந்தது. உங்கள் பதிலைப் பார்த்தேன். ஒரகடம் சாலையோரம் கம்பெனிகளுக்குப் போன நிலமெல்லாம் மரம்மட்டை இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறது. நம் மூன்று ஏக்கரும் அப்படியே வெளுத்திருந்தது. விற்றுவிட்டீர்கள். நான் வந்து நிற்க இடமில்லை என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

ஓய்வு வேண்டாமென்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபமில்லை. விரல் மட்டும் பழக்கத்தில் அங்கே போகிறது; போய்விட்டுத் திரும்பிவிடுகிறது. வெயிலில் அலையாதீர்கள்.

சொர்ணம்

வடக்குப்பட்டு
12.5.2003

அன்புள்ள சொர்ணத்துக்கு,

நிலத்தை விற்கவில்லை. முள்ளை வேரோடு எடுப்பதிலேயே பங்குனி போயிற்று. பிறகு கோடை உழவு. உழுத மண் மேலிருந்து வேறு எப்படித் தெரியும்? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உனக்கும்தான்.

டிராக்டர் ஓட்ட வந்த பலராமன், "இன்னா சார், நீயும் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டியா?" என்று கேட்டான். நெல் போடப்போகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"வூட்ல வராங்களா சார்?"

வேலையைப் பார் என்று அதட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே உழுதான்.

நேற்று மழை. நிலம் முழுக்கக் கறுத்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். மண் அமிழ்ந்து அமிழ்ந்து கொடுத்தது. என் காலடி எனக்கே கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நடந்தேன் என்று தெரியவில்லை.

கல்யாணமான புதிதில், படத்தில் சந்தேகம் வந்த இடங்களை நேரில் பார்ப்பதற்கு ஜீப்பில் ஊர் ஊராகப் போவாய். அந்த வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இன்னும் இருக்கிறதா? இருந்தால், இங்கே யாரையும் அனுப்பாதே.

நீ வா.

நரசிம்மன்