இடது சக்கரத்தில் கிரீஸ் இல்லை

கோர்டி,

உன் டிரக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். என் கார் கராஜில் முட்டுக்கொடுத்து நிற்கிறது, அதில் சாயாதே. மான்கறி சூப் அடுப்பின் மேல் இருக்கிறது.

இடது முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க் நேற்று முழுக்க அசைந்து கொடுக்கவில்லை. எண்ணெய் விட்டேன், உன் சிநேகிதன் ஆர்விட்டிடம் இரவல் வாங்கிய பெரிய சுத்தியலால் சாத்தினேன். கடைசியில் டிஸ்க்கில் இருக்கும் இரண்டு துளைகளிலும் போல்ட் மாட்டி, மாறி மாறி முறுக்கியதும் டப்பென்று கழன்றது. உள்ளே மரப்பட்டை மாதிரி துரு. பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பால் ஒரே குளிர்காலத்தில் இவ்வளவு துரு ஏறாது. கிரீஸ் ஒரு பொட்டு இல்லை.

போன அக்டோபரில் இரண்டு சனிக்கிழமை ஆர்விட் வீட்டில் இருந்துவிட்டு வந்து, "ரெண்டு பக்க டிஸ்க்கையும் மாத்தியாச்சு டார்லா, பக்கத்துக்கு ஒரு நாள் இழுத்துடுச்சு" என்றாயே? தபால் பெட்டிக் கதவுக்கே கிரீஸ் தடவுகிற ஆள் நீ! அதற்குப் பிறகும் பிரேக் போட்டால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது என்றேன். "ரோடு சாய்வா இருக்கும்மா" என்றாய்.

ஆர்விட் நாலு மணிக்குச் சுத்தியலை வாங்க வருவான். சூப் கொடுத்து, நான் வரும்வரை உட்கார வை. அதற்குள் போன் போட்டு அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்காதே.

டார்லா

பி.கு.: கிளம்புமுன் வலது சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். டிஸ்க் கையோடு வந்துவிட்டது. உள்ளே கிரீஸ் பளபளவென்று இருக்கிறது. சரி, ஒரு சனிக்கிழமையை நம்புகிறேன். இன்னொரு சனிக்கிழமை எங்கே இருந்தாய்?