மெழுகு பிழிந்த தண்ணீர்

பிப்ரவரி 11

ஒலாயா வந்தாள். என் அண்ணன் மகள்; லியோன் நகரத்து ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்கள் பட்டறையில் பழைய தேனடைகளை உருக்கி மெழுகு பிழிந்த பின் மிஞ்சும் கறுப்புச் சக்கையையும் பழுப்புத் தண்ணீரையும் கேன்களில் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரன் ஃபெர்மின் விழுந்து விழுந்து சிரித்தான். "நாங்க சாக்கடையில ஊத்துறத நீ கார்ல ஏத்திக்கிட்டுப் போற. இதுக்கா அவ்வளவு படிச்ச?"

மார்ச் 20

ஒலாயா போன் செய்தாள். அந்தத் தண்ணீரை விட்டதும் ஈரல் செல்களில் கொழுப்பு குறைந்ததாம். "மாமா, அது தட்டுல வளர்த்த செல்லு. மனுஷங்களுக்கு என்ன ஆகும்னு இன்னும் தெரியாது," என்று படித்துப் படித்துச் சொன்னாள். ஃபெர்மின் முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டான். அவனுக்கும் ஈரலில் கொழுப்பு, கூடவே சர்க்கரை நோய். ஒயினை விடு, நட என்று டாக்டர் சொன்னதிலிருந்து முகமே சரியில்லை.

மார்ச் 27

அவன்மேல் ஒரே மெழுகு வாசனை. வாயில்கூட. ஏன்?

மார்ச் 29

பிடித்துவிட்டேன். பட்டறையில், அந்தப் பழுப்புத் தண்ணீர்க் குவளையும் கையுமாக. சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறான்!

கத்தினேன். "கண்டவங்ககிட்ட வாங்கின அடை அது. தேனீயைக் கடிக்கிற உண்ணிக்குன்னு கூட்டுல என்னென்ன மருந்து வெச்சாங்களோ, எல்லாம் அந்த மெழுகுலதானே ஊறிக் கிடக்கும்! உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடிச்ச?"

குவளையைக் கையிலேயே உருட்டினான். பிறகு, "சாவுக்குப் பயந்து இல்ல லாலி. நான் போயிட்டா நீ தனியா உக்காந்து சாப்பிடுவியே..."

என்ன செய்வது இவனை வைத்துக்கொண்டு? குவளையைக் கொட்டிவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 2

ஒலாயா சோதித்துப் பார்த்தாள். நான் பயந்தது சரி, அந்தத் தண்ணீரில் உண்ணி மருந்து. டாக்டர் ரத்தம் எடுத்திருக்கிறார். பூண்டு சூப்பை இருவரும் கிளறிக்கொண்டே இருந்தோம், வாயில் வைக்கவில்லை.

ஏப்ரல் 8

ஒன்றும் கெட்டுப்போகவில்லை! டாக்டர் திட்டத் திட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டினான். மாத்திரை மறுபடி தொடக்கம்.

ஜூன் 15

தினமும் மாதா கோயில் மேடு வரை நடக்கிறோம். ஈரல் தேறிவருகிறதாம். இன்று பாதி ஏற்றத்தில் என் முழங்கால் பிடித்துக்கொண்டது.

"என்ன கிழவி, என்னைய நடக்க வெச்சுட்டு நீ உக்காந்துட்ட?"

தோளில் சாய்த்துக் கூட்டி வந்தான். எங்கள் சொந்தக் கூடுகளின் சக்கையைச் சூடாக்கி, துணியில் பொதிந்து, முழங்காலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். வலி குறைந்தது. சக்கையாலா, கையாலா என்று ஒலாயாவிடம் கேட்கப்போவதில்லை.