லேபிளில் மாற்றிய ஒரு வரி

அன்புள்ள மூத்தவளுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடியே நேற்று வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். போன இடத்திலும் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். முன்னறையில் ஒருவர் பையோடு உட்கார்ந்திருந்தார். வக்கீல் குமாஸ்தா என்று நினைத்து, அம்மாவுக்குக் கட்டி வந்தது, மருந்துக்காரனை நம்பி ஆஸ்பத்திரியை விட்டது, அதிலிருந்து ஏழாம் மாதம் அவள் போய்ச் சேர்ந்தது எல்லாவற்றையும் அரை மணி நேரம் ஒப்பித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் ஏசி ரிப்பேர் பண்ண வந்தவனுங்க என்றார்.

வக்கீலம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும். ஏமாத்திட்டாங்கன்னு கேஸ் போட கோபம் மட்டும் போதாது சார் என்று சொல்லி, விரல் விட்டு எண்ணினார். சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். பொய் என்று தெரிந்தே சொல்லியிருக்க வேண்டும். கேட்பவர் நம்ப வேண்டும் என்றே சொல்லியிருக்க வேண்டும். நம்பியதால் அவருக்குக் கெடுதல் வந்திருக்க வேண்டும். இந்த நாலும் இருந்தா யாரா இருந்தாலும் விடாதீங்க என்றார்.

நான் அந்த மருந்தின் காலி பாட்டிலை மேஜையில் வைத்தேன். லேபிள் பளிச்சுனு இருக்கே, எங்க அடிச்சானாம் என்று கேட்டார். எங்க பிரஸ்ல, என் மெஷின்லதாங்க என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

உனக்கும் இது தெரியாது. அந்த மருந்துக்காரன் முதலில் அடிக்கக் கொடுத்த லேபிளில் 'பசியைத் தூண்டும்' என்றுதான் இருந்தது. மறு வருஷம் வந்து, அந்த வரியை எடுத்துட்டு 'கட்டியைக் கரைக்கும்'னு போடுங்கண்ணே என்றான். மருந்து மாறிடுச்சா என்று கேட்டேன். வரி மட்டும்தான் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிவப்பில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை வேறு சொன்னேன், பெரிய மேதாவி மாதிரி.

இது கரைக்கும்னு உங்க வீட்டம்மாகிட்ட யார் சொன்னது என்று கேட்டார் வக்கீலம்மா. லேபிளைப் படிச்சாங்க என்றேன். அப்படின்னா கேஸ் நிக்கும் என்று கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார். கண்ணாடி எடுத்து வரவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். ஏமாந்தது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டுமாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நாளைக் குறித்து வைத்துக்கொள். நீ எங்கே கூப்பிட்டாலும் வந்து உள்ளதைச் சொல்வேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிடாவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன்.

வக்கீலம்மாவிடம் வாய் வரைக்கும் வந்து நின்றதை எழுதிவிடுகிறேன். இன்னும் நாலு தடவை மருந்து ஏற்றினால் பிழைக்க வழியுண்டு என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, அம்மா வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கிடந்தாள். இனி ஊசி வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அலமாரியில் இருந்த பாட்டிலைக் காட்டி, இது நிஜமாவே கரைக்குமாங்க என்று கேட்டாள். நானே அடிச்சது, பொய்யா இருக்குமா என்றேன். அவள் நம்பிவிட்டாள்.

உன் அப்பா