இல்லாதவங்க உள்ளே வரக்கூடாது

ஜூலை 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் பாய்லர் இரைச்சல்தான் கேட்கிறது என்று கோபித்துக்கொண்டீர்களே, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெள்ளம் வடிந்துவிட்டது. சலவைக்கூடத்தில் இடுப்பளவு நின்ற தண்ணீர் சேற்றை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்க முடியாத நாட்களில் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வெறும் மெத்தையில் படுத்தார்களாம். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஜெனரேட்டர் மாடிக்குப் போய்விட்டது, சோப்புத்தூள் பரணில் ஏறிவிட்டது. என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மேட்டுப்பக்கத்து லாண்டரிக்காரர்கூட, ஆபத்துக்கு எங்கள் மெஷினில் துவைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்!

ஏற்பாடுகளைப் பார்க்கத் தலைமை நர்ஸ் வந்தார். பாய்லரை யார் பற்றவைப்பது என்று கேட்டார். நான் என்றேன். சலவை மருந்து கலக்குவது? நான். டிரைவர் வராவிட்டால் வண்டி? அதுவும் நான்தான்.

"உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா எங்க ஆஸ்பத்திரியே படுத்துடுமே!" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

இந்த மாதமும் வர முடியாது போலிருக்கிறது. திட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் முதலாளியம்மா

ஜூலை 9

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

திட்டவில்லை. மாற்றலாகி நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. "அடுத்த மாதம் வருகிறேன்" என்று நீ சொல்லாத மாதம் இல்லை. பாய்லர் எனக்குச் சக்களத்தன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். நம்பிவிட்டார்கள்.

தலைமை நர்ஸுக்கு என் வணக்கத்தைச் சொல். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று பழகுகிறீர்கள். நீ வராவிட்டால் என்ன செய்வது என்றும் ஒரு நாள் பழகிப் பாருங்களேன். ஆனால் உன்னால் சும்மா உட்கார முடியாது. பந்தயம் கட்டுகிறேன்.

அன்புடன்,
வாத்தியார்

ஜூலை 20

வாத்தியாரே,

பந்தயத்தில் பாதி ஜெயித்துவிட்டீர்கள்.

ஒத்திகை நடந்தது. "இன்னைக்கு நீங்க இல்லக்கா" என்று நம் ஆட்கள் என்னை எதிரே தையல் கடையில் உட்காரவைத்துவிட்டார்கள். வேண்டுமென்றே மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் உறுமும் வரை எனக்கு உயிரே இல்லை. அப்புறம் பார்த்தால், கொடியில் விரிப்பெல்லாம் இளம்பச்சை! பச்சை ஆபரேஷன் அங்கிகளோடு வெள்ளையையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். டிரைவர் வாசலில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான்.

"இல்லாதவங்க உள்ளே வரக்கூடாது."

"டேய், பச்சையாயிடுச்சுடா!"

"தெரியும்க்கா. மறுபடி ஊறப் போட்டாச்சு. நீங்க போய் உட்காருங்க."

சாயங்காலம் வண்டி கிளம்பியபோது துணி அத்தனையும் வெள்ளை. இஸ்திரி போடுகிறவள் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, "எப்படி?" என்று புருவத்தைத் தூக்கினாள். சந்தோஷம்தான். ஆனாலும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றுமே நடக்காது என்று நம்பித்தானே உங்களிடம் வராமல் இருந்தேன்? இனி என்ன சொல்லுவேன்?

உங்கள்
இல்லாதவள்

ஜூலை 24

முதலாளியம்மா,

அழாதே. பச்சை விரிப்பை நினைத்து வகுப்பில் தனியாகச் சிரித்தேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ இல்லாத ஒத்திகையை நான் இங்கே தினமும் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளும் சரியாக வந்ததில்லை.

வாத்தியார்

ஜூலை 30

என் வாத்தியாருக்கு,

அடுத்த ஒத்திகை பத்து நாளுக்கு. தையல் கடை ரொம்பக் கிட்டே இருக்கிறதாம், கண்ணுக்கெட்டாத ஊருக்குத்தான் போக வேண்டுமாம். டிரைவரின் உத்தரவு.

"அவசரம்னா உங்களை எங்கே கூப்பிடறது?" என்று தலைமை நர்ஸ் கேட்டார்.

"கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவி