செல்வி கொல்லையில் என் மண்

ஐப்பசி 9, வியாழன்.

மழை விட்டதும் மலைச்சரிவுக்குப் போய்ப் பார்த்தேன். என் கொல்லையில் சாமை வேரோடு சாய்ந்து கிடக்கிறது. மண் போய்ப் பாறை தெரிகிறது. நேர் கீழே என் ஓரகத்தி செல்வியின் பங்கு. கல்லும் சரளையுமாக, ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்று நான் சிரித்த நிலம். அங்கே ஒரு தாள் சாயவில்லை.

கோடையில் என் பங்கில் ஒரு கல் விடாமல் பொறுக்கி அவள் பக்கம் உருட்டிவிட்டேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. பாதியை அப்படியே கிடக்கவிட்டு, மீதியைத் தன் கொல்லையின் கீழ்க்கோடியில் வரப்பாக அடுக்கினாள். இன்று என் மண்ணெல்லாம் அந்த வரப்பில் தேங்கி நிற்கிறது.

“உன் மண்ணு இங்கதாங்க்கா கீது. கூடைய எடுத்தாந்து வாரிக்கினு போ” என்றாள். முகத்தில் சிரிப்புகூட இல்லை. சிரித்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன்.

“போய் வாரிக்கினு வரலாமா?” என்று வீட்டில் இவர் கேட்டார்.

“அவ குடுத்து நான் வாங்கணுமா?” என்றேன்.

படுத்தால் அவள் சாமைக் கதிர்தான் கண்ணில் ஆடுகிறது. மறுபடி தூறுகிறது. எனக்கென்று மிச்சமிருக்கும் மண்ணும் விடிவதற்குள் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும்.