கழற்றிக் கொடுத்த பலகை

1987 புரட்டாசி, செவ்வாய்க்கிழமை

வெல்ல ஆலையில் இன்று அஞ்சலையின் கை கரும்போடு சேர்ந்து உருளைக்குள் மாட்டிக்கொண்டது. மூன்று விரல் நசுங்கிவிட்டது.

கை உள்ளே போகாமல் தடுக்க உருளைக்கு முன்னால் ஒரு பலகை இருந்தது. இட ஒதுக்கீட்டு மறியலுக்கு ரோட்டில் குறுக்கே போட மரம் கேட்டு நேற்று ஊர் ஆட்கள் வந்தார்கள். ஆலை மேஸ்திரியான நான்தான் அதைக் கழற்றிக் கொடுத்தேன். காலையில் அஞ்சலை, "பலக இல்லாம எப்டிங்க கரும்பு வுடறது?" என்று கேட்டாள். "ஒரு நாள்தான, பாத்து வுடு" என்று அதட்டினேன்.

டிராக்டரில் அவளைக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். வழியில் மறியல். ரத்தத்தைப் பார்த்ததும் அவர்களே ஓடிவந்து வழிவிட்டார்கள். முதலில் தூக்கி ஓரம் போட்டது எங்கள் பலகையைத்தான். கரும்புச் சாறு படிந்து கறுத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி, "இன்னாமா ஆச்சி?" என்றார்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "பேசிக்கினே கைய வுட்டுட்டேங்க. மேஸ்திரி மேல தப்பு இல்லீங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.