உன் பெயரில் ஓடிய நிரல்

மாப்ள,

காலையில் நம் ஆபீஸ் ஷட்டரைத் தூக்கும்போதே மழைவாசனை மூக்கில் ஏறியது. கமுதிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. ஆனால் என் போனுக்கு மழைச் சேதி வரவில்லை. களத்தில் மிளகாய் காயப்போடுகிறவர்களின் போனுக்கு மழையை முன்கூட்டியே சொல்ல நீயும் நானும் எழுதிய நிரல், ஓடாமல் உறைந்து நின்றது.

நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒரே பெயரில் வரிசையாக ப்ராசஸ்கள், நம் நிரல் வேலையைப் பிரித்துக்கொள்ள ஓடவிட்ட நகல்கள்.

முன்பொரு தடவை இப்படி நின்றபோது, கைக்கு அகப்பட்ட ஒன்றை நிறுத்தினேன். அதே இடத்தில் புதிதாக ஒன்று வந்து நின்றது. நிறுத்த நிறுத்த வந்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

“ஏலே, பிள்ளைய வெரட்டுனா அப்பன் இன்னொன்ன அனுப்பத்தான் செய்வான். நம்ம ஊருல புது ஆளப் பாத்தா என்ன கேப்பாக? யாரு மகன்னுதான? இதுககிட்டயும் அதையே கேளு.”

ஒவ்வொரு வரியிலும் அதன் எண்ணும், அதைத் தொடங்கிவிட்டதன் எண்ணும் இருக்கும். விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே போனாய். எல்லாம் ஒரே தகப்பனைக் காட்டின. அந்தத் தகப்பனின் தகப்பன் மட்டும் இந்தக் கூட்டத்தில் இல்லை. “இதுதாம்லே மெயினு. இதுகிட்டச் சொன்னா மத்ததெல்லாம் தானா அடங்கிரும்.”

இன்றும் அப்படியே கேட்டேன். மெயின் கிடைத்தது. யார் தொடங்கியது என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது.

உன்னைத் திருவாடானைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்த பிறகும், இத்தனை மாதமும் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது மாப்ள. எனக்குக் கை வரவில்லை. உட்கார்ந்து அழுதேன். நீ இருந்தால் திட்டியிருப்பாய்: “மிளகா நனையப் போகுதுலே, ஒனக்கு இப்பத்தான் அழுகையா?”

நிறுத்தினேன். எல்லா வரியும் மறைந்தது. என் பெயரில் மறுபடி தொடங்கினேன், சேதி போனது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. திரையில் நீ. எடுத்தேன். உன் போனை உன் அய்யாதான் வைத்திருக்கிறார். சேதி போகும் எண்களிலிருந்து உன் எண்ணை நான் இன்னும் எடுக்கவில்லை.

“தம்பி, அவன் போனுக்கு மழைன்னு வந்துச்சுப்பா. மிளகாய அள்ளிட்டோம்.” பிறகு கேட்டார்: “இது அவன் செஞ்சதுதான?”

“ஆமாய்யா. அவன் ஆரம்பிச்சதுதான்.”

உன் எண் அப்படியே இருக்கட்டும், மாப்ள. ஒவ்வொரு மழைக்கும் முதலில் உனக்குச் சொல்கிறேன்.